எலெக்ட்ரோஸ்டேடிக் ஸ்பீக்கர் வாங்கப் போகிறீர்களா? முதலில் டேப்பை எடுங்கள்

பங்குனியில் பெங்களூரு போய் ஒரு ஜோடி எலெக்ட்ரோஸ்டேடிக் ஸ்பீக்கர் வாங்கி வந்தேன். பழையதுதான், ஆனால் பார்க்கப் புதிது மாதிரி இருந்தது. ஐப்பசி அடைமழையில் இடது பக்க ஸ்பீக்கர் கொசு பேட் மாதிரி சடசடக்க ஆரம்பித்தது. அதற்குள் ஆம்ப்ளிஃபயரை மாற்றியிருந்தேன், ஹாலில் சோபாவை இரண்டு தடவை இடம் மாற்றியிருந்தேன், வீட்டில் இரண்டு பேர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஸ்பீக்கரைக் குறை சொல்லவில்லை. அதன் குணம் தெரியாமல் நான் வாங்கினேன். நீங்கள் தெரிந்து வாங்குங்கள் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

இது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் எல்லாக் குறைகளுக்கும் காரணம் இதில்தான் இருக்கிறது. சாதாரண ஸ்பீக்கரில் காந்தமும் கம்பிச் சுருளும் சேர்ந்து ஒரு கூம்பைத் தள்ளும். இதில் கூம்பு கிடையாது. தலைமுடியை விட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம், பத்துப் பன்னிரண்டு மைக்ரான் கனம், துளை போட்ட இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். படலத்தில் எப்போதும் சில ஆயிரம் வோல்ட் நிலைமின்னேற்றம் இருக்கும். ஆம்பிலிருந்து வரும் சிக்னலை உள்ளே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பல மடங்கு உயர்த்தித் தகடுகளுக்குக் கொடுக்கும். படலம் முன்னும் பின்னும் இழுபடும், அதுதான் சத்தம். படலத்துக்கு எடையே இல்லை என்பதால் வீணையின் மீட்டு, தம்பூராவின் கார்வை, பாடகர் மூச்சு வாங்குவது எல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது போல வரும். ஒரு தடவை கேட்டுவிட்டால் புத்தி வேலை செய்யாது. அதனால்தான் சொல்கிறேன், கேட்கப் போவதற்கு முன்னால் கீழே இருக்கும் முதல் இரண்டு வேலையையும் வீட்டிலேயே முடித்துவிடுங்கள்.

1. ஹாலை அளங்கள்

இந்த ஸ்பீக்கர் முன்பக்கம் எவ்வளவு சத்தம் தருகிறதோ அவ்வளவு சத்தத்தைப் பின்பக்கமும் தரும், தலைகீழ் கட்டத்தில். படலம் முன்னால் வரும்போது பின்னால் காற்று இழுபடுகிறது, அவ்வளவுதான் விஷயம். இதனால் இரண்டு தொல்லை.

முதலாவது, பின்பக்கச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வரும். சுவர் மூன்றடி தள்ளி இருந்தால் அது போய்வர ஆறடி, அதாவது சுமார் 5 மில்லிசெகண்ட் தாமதம். காது அதை அறையின் விசாலமாக எடுத்துக்கொள்ளும். ஒரு அடியில் சுவர் இருந்தால் அந்த எதிரொலி நேர்ச் சத்தத்தோடு ஒட்டிக்கொண்டு எல்லாவற்றையும் குழப்பிவிடும், பாடகர் டின்னுக்குள் இருந்து பாடுவது போல. இரண்டாவது, தாழ்ந்த ஸ்தாயி ஒலி பேனலின் (படலமும் தகடுகளும் சேர்ந்த பலகை) ஓரத்தைச் சுற்றி வந்து முன்பக்க ஒலியைத் தின்றுவிடும். பேனல் எவ்வளவு அகலம் குறைவோ அவ்வளவு பேஸ் போகும்.

எனவே டேப்பை எடுத்து இவற்றை அளங்கள்: பின்சுவரிலிருந்து ஸ்பீக்கர் நிற்கப் போகும் இடம் (குறைந்தது மூன்றடி, முடிந்தால் நான்கு), பக்கச் சுவரிலிருந்து இரண்டடி, இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே ஆறேழு அடி, அங்கிருந்து நீங்கள் உட்காரும் இடம் எட்டிலிருந்து பத்தடி. கூட்டிப் பாருங்கள். என் ஹால் 11-க்கு 15. பதினைந்தில் நான்கு பின்னால் போனால், ஒன்பது முன்னால் போனால், சோபாவுக்கு முதுகு சாய இரண்டடி மிச்சம். நடக்க வழி? அதைத்தான் நான் கணக்குப் போடவில்லை. பூஜை அறைக் கதவு இடது ஸ்பீக்கரில் இடித்தது.

ஒரு யோசனை. ஸ்பீக்கரின் உயர அகலத்துக்கு இரண்டு அட்டைப்பெட்டியை வெட்டி நிறுத்தி, அந்த இடத்தில் ஒரு வாரம் விட்டுவிடுங்கள். பெரும்பாலான மாடல்கள் நாலரை அடிக்கு மேல் உயரம். வீட்டில் யார் எப்போது அதில் இடித்துக்கொள்கிறார்கள், துடைக்க வருபவர் என்ன சொல்கிறார், குழந்தை அதை என்ன செய்கிறது என்று பாருங்கள். அந்த ஒரு வாரத்துக்குச் செலவு பூஜ்யம். "கேட்கும்போது மட்டும் முன்னால் இழுத்துக்கொள்ளலாம்" என்று மனசு சொல்லும், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு மாதம் இழுத்தேன், அப்புறம் இழுக்கவில்லை.

10-க்கு 12 அறை என்றால் இங்கேயே நிறுத்திவிடுங்கள். நல்ல சின்னப் பெட்டி ஸ்பீக்கர் உங்களை இதைவிட சந்தோஷமாக வைத்திருக்கும்.

2. எத்தனை பேர் உட்கார்ந்து கேட்பார்கள்?

உயர்ந்த ஸ்தாயி ஒலியின் அலைநீளம் மிகச் சிறியது. 20 கிலோஹெர்ட்ஸில் இரண்டு சென்டிமீட்டர்கூட வராது. அதை ஓர் அகலமான தட்டைப் பேனல் அனுப்பும்போது டார்ச் ஒளி மாதிரி நேராகப் போகும், பக்கவாட்டில் பரவாது. தட்டைப் பேனலில் நடு இடத்தில் ஒருவர் உட்கார்ந்தால் அவருக்குக் கச்சேரி, பக்கத்தில் இருப்பவருக்கு ஏதோ போர்வைக்குள் கேட்கிற மாதிரி இருக்கும். எழுந்து நின்றால் நின்றவருக்கும் அதே கதிதான்.

தயாரிப்பாளர்களுக்கு இது தெரியும். மார்ட்டின்லோகன் பேனலை வளைத்துச் செய்கிறது, ஒலி 30 பாகை அளவுக்காவது விரியும். 1981-இல் வந்த குவாட் ஈஎஸ்எல்-63 வேறு வழியைப் பிடித்தது: நடுவிலிருந்து வட்ட வட்டமாகத் தகட்டைப் பிரித்து, ஒவ்வொரு வட்டத்துக்கும் சிறு தாமதம் கொடுத்து, பின்னால் ஒரு புள்ளியிலிருந்து ஒலி வருவது போல ஆக்கியது. சாண்டர்ஸ் மாதிரி சிலர் தட்டையாகவே விட்டுவிட்டு, நடு இடத்தில் கேட்பவருக்கு அதுதான் நல்லது என்கிறார்கள். யார் சொல்வது சரி என்பதைவிட, உங்கள் வீட்டில் குடும்பத்தோடு சேர்ந்து கேட்கும் பழக்கம் உண்டா என்பதுதான் கேள்வி. உண்டு என்றால் தட்டைப் பேனல் வேண்டாம். வளைந்த பேனலிலும் மூன்று பேர் சோபாவில் ஓரத்து இரண்டு பேருக்கும் குறைதான்.

டிவிக்கு வைக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வசனம் அற்புதமாக இருக்கும். ஆனால் நடுவில் பெரிய டிவியும் அதன் மேஜையும் வந்தால் பின்பக்க ஒலி அதில் மோதும், தவிர டிவி சுவரில், ஸ்பீக்கர் நான்கடி முன்னால். பார்ப்பதற்கு மேடை மாதிரி இருக்கும். உங்கள் விருப்பம்.

3. உங்கள் பாட்டை வைத்து யோசியுங்கள்

கடையில் போட்டுக் காட்டும் பாட்டு எல்லாம் ஒற்றைக் குரல், ஒற்றை கிதார். அது எதில் போட்டாலும் இதில் நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் தவில் கேட்பவரா என்பதுதான் முக்கியம்.

படலம் அசைய இடம் மிகக் குறைவு, ஒன்றிரண்டு மில்லிமீட்டர். நாதஸ்வரமும் இரட்டைத் தவிலும் கோயில் வாசலில் கேட்கிற அளவுக்கு வேண்டும் என்று ஒலியைக் கூட்டினால், முழுப் பேனல் மாடல்களில் ஓர் எல்லைக்கு மேல் படலம் தகட்டைத் தொட்டுவிடும் அல்லது உள்ளே பொறி பறக்கும். பழைய குவாட் ஈஎஸ்எல் (1957-இல் வந்தது) 15 வாட் ஆம்ப் இருந்த காலத்தில் செய்யப்பட்டது. அதில் 100 வாட் ஆம்பைப் பூட்டி சத்தமாக வைத்துப் பேனலை எரித்தவர்கள் ஏராளம். பிந்தைய மாடல்களில் பாதுகாப்புச் சுற்று உண்டு, அது சத்தத்தை வெட்டிவிடும்.

இதற்காகத்தான் கலப்பு மாடல் வந்தது: மேலே பேனல், கீழே பேஸுக்கு மட்டும் சாதாரணக் கூம்பு ஸ்பீக்கர், அதாவது வூஃபர். பேஸ் கிடைக்கும், விலையும் குறையும். ஆனால் புதுக் குறை ஒன்று சேரும். சில மாடல்களில் 300, 500 ஹெர்ட்ஸ் வாக்கில் பேனல் ஓய்ந்து வூஃபர் தொடங்கும். மிருதங்கத்தின் வலந்தலை ஒரு குணத்தோடும் தொப்பி வேறு குணத்தோடும் கேட்கும், இரண்டும் இரண்டு வாத்தியம் என்பது போல. என் ஜோடியில் இது இன்றும் எனக்கு உறுத்துகிறது. வூஃபரைச் சுவரிலிருந்து தள்ளத் தள்ளக் கொஞ்சம் குறைந்தது.

எனவே கேட்கப் போகும்போது தனி ஆவர்த்தனம் ஒன்று, தவில் உள்ள மல்லாரி ஒன்று, பேஸ் அதிகமான ஒரு சினிமாப் பாட்டு, பிறகு நீங்கள் தினமும் கேட்கும் இரண்டு, இவற்றைக் கையோடு எடுத்துப் போங்கள். கடைக்காரர் பாட்டைக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் எந்த அளவு சத்தத்தில் கேட்பீர்களோ அதே அளவில் கேளுங்கள், மெதுவாகவும் ஒரு தடவை. மெதுவாக வைக்கும்போது சிலவற்றில் பேஸ் காணாமல் போகும்.

4. ஆம்ப்ளிஃபயர்

ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். ஸ்பீக்கர் விளம்பரத்தில் "6 ஓம்" என்று போட்டிருக்கும். நம் ஆம்ப் பின்னாலும் "6 முதல் 16 ஓம்" என்று இருக்கும். சரிதானே என்று வாங்கிவிடுவோம். ஆனால் எலெக்ட்ரோஸ்டேடிக் பேனல் மின்சாரத்தைப் பொறுத்தவரை ஒரு கெபாசிட்டர். ஸ்தாயி ஏற ஏற அதன் மின்மறுப்பு, அதாவது ஓமில் சொல்லும் அந்தத் தடை, இறங்கும். 20 கிலோஹெர்ட்ஸில் 2 ஓமுக்கும் கீழே போகும் மாடல்கள் சர்வ சாதாரணம். 8 ஓமில் 100 வாட் தரும் ஆம்ப் வெளியே அனுப்புவது சுமார் 28 வோல்ட். அதே 28 வோல்ட்டை 2 ஓமில் தள்ள 14 ஆம்பியர் வேண்டும். வீட்டு சினிமா ரிசீவர்களில் பல அதற்குத் தயாராக இல்லை.

என் ரிசீவர் குரலுக்கும் வீணைக்கும் நன்றாக ஓடியது. ஒரு சனிக்கிழமை காலை ஜாலரா நிறைந்த பஜனைப் பதிவு ஒன்றைப் போட்டேன். இரண்டாவது நிமிடம் "புரொடெக்ட்" என்று காட்டி அணைந்தது. ஆறவைத்துப் போட்டால் மறுபடி அதே. ஜாலராவும் தாளமும் இருப்பது மேல் ஸ்தாயியில், பேனல் ஆம்பின் கழுத்தைப் பிடிப்பதும் அங்கேதான்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை:

- ஸ்பீக்கரின் மிகக் குறைந்த மின்மறுப்பு எத்தனை ஓம், எந்த ஹெர்ட்ஸில்? "சராசரி" எண் வேண்டாம்.
- என் ஆம்ப் 4 ஓமில் எத்தனை வாட்? 8 ஓமில் தருவதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தந்தால் நல்ல அறிகுறி. 4 ஓம் பற்றிக் கையேட்டில் பேச்சே இல்லை என்றால் கெட்ட அறிகுறி.
- வால்வு ஆம்ப் (கண்ணாடிக் குழாய் வைத்த பழைய பாணி ஆம்ப்) என்றால், எந்த ஓம் முனையில் கட்ட வேண்டும்? வால்வு ஆம்பின் வெளியீட்டு மின்மறுப்பு அதிகமாக இருந்தால் மேல் ஸ்தாயி மங்கிவிடும். சிலருக்கு அந்த மங்கல்தான் பிடித்திருக்கிறது, அது வேறு விஷயம்.

இன்னொன்று, உங்கள் ஆம்பையே தூக்கிக்கொண்டு கேட்கப் போங்கள். கடையில் இருப்பது மூன்று லட்ச ரூபாய் ஆம்ப். அதில் கேட்டதை வீட்டில் எதிர்பார்க்க முடியாது.

5. மழை, உப்புக் காற்று, தூசி, சாம்பிராணி

கடலோர ஊர்க்காரர்கள் இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள். மேலைநாட்டுக் கட்டுரைகளில் இதைப் பற்றி இரண்டு வரிதான் இருக்கும், அவர்கள் ஊர் அப்படி. நான் இருப்பது திருவான்மியூர், கடல் நடந்து போகும் தூரம்.

படலத்தில் இருக்கும் சில ஆயிரம் வோல்ட் மின்னேற்றம் அங்கேயே தங்கியிருக்க வேண்டும். மின்னோட்டம் மிக மிகக் குறைவு என்பதால் கொஞ்சம் கசிந்தாலும் வோல்ட் இறங்கிவிடும். காற்றில் ஈரம் ஏறும்போது கசிவு கூடும், சத்தம் குறையும். தூசி மட்டும் இருந்தால் அவ்வளவு மோசமில்லை. தூசியோடு ஈரமும் உப்பும் சேர்ந்தால்தான் அது மின்சாரம் ஓடும் பாதையாகிறது. முதலில் மெல்லிய "ஸ்ஸ்" சத்தம், பிறகு சடசடப்பு, பிறகு அந்தப் பக்கம் மட்டும் சத்தம் இறங்கும். பெங்களூருவில் பங்குனி வெயிலில் கேட்டபோது எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை, தெரியவும் தெரியாது. பல வருட அழுக்கு உள்ளே காய்ந்து கிடந்தது. இங்கே வந்து ஐப்பசியில் ஈரம் பட்டதும் உயிர் பெற்றது.

தூசி தானாக வந்து உட்காருவதில்லை, பேனல் அதை இழுக்கிறது. நிலைமின்னேற்றத்தின் குணம் அது. சாம்பிராணி, ஊதுவத்தி, தாளிக்கும் புகை எல்லாம் எண்ணெய்ப் பசையோடு போய் ஒட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி நிற்காது, நிற்கவும் வேண்டாம். பூஜை அறைப் பக்கம் இருந்த ஸ்பீக்கர்தான் முதலில் சடசடத்தது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே சுவர் இல்லாத பிளாட் என்றால் இன்னும் யோசியுங்கள்.

மழைக்கு முன் வரும் ஈசல், சின்னக் கொசு இதெல்லாம் உள்ளே போனால் ஒரு "டப்". பெரும்பாலும் அத்தோடு சரி, கருகிய பூச்சி உள்ளேயே கிடந்தால்தான் தொந்தரவு.

என்ன செய்யலாம்:

- கேட்காத நாளில் சுவிட்சை அணைத்து மெல்லிய பருத்தித் துணியால் மூடுங்கள். பல புதிய மாடல்கள் பாட்டு நின்றதும் மின்னேற்றத்தைத் தாங்களே நிறுத்திவிடும், இருந்தாலும் மூடுவது நல்லது. பிளாஸ்டிக் உறை வேண்டாம், ஈரம் உள்ளேயே நிற்கும்.
- மாதம் ஒரு தடவை வேக்குவம் கிளீனரில் மென்மையான பிரஷ் மாட்டி முன்னும் பின்னும் மெதுவாக இழுங்கள். அதற்கு முன் பிளக்கைப் பிடுங்கி, கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருங்கள். நான் ஓர் இரவு முழுக்க விடுகிறேன். மின்னேற்றம் இருக்கும்போது உறிஞ்சினால் படலம் தகட்டில் ஒட்டிக் கெட்டுவிடும்.
- ஈரத்துணி, கண்ணாடி துடைக்கும் ஸ்பிரே, கொசு ஸ்பிரே எதுவும் அந்தப் பக்கமே போகக்கூடாது. வேலைக்கு வருபவரிடம் காட்டிச் சொல்லிவிடுங்கள், அவர்கள் நல்லெண்ணத்தில்தான் துடைப்பார்கள்.
- மழைக்காலத்தில் ஏசியை டிரை முறையில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுப் பாட்டுப் போடுங்கள். நான் ஈரம் உறிஞ்சும் கருவி ஒன்று வாங்கினேன், 14,000 ரூபாய்.

பழைய பேனலைக் கழற்றித் தண்ணீர் விட்டுக் கழுவும் வீடியோக்கள் கண்ணில் படும். சில மாடல்களில் தெரிந்தவர்கள் செய்கிறார்கள். நீங்கள் செய்யாதீர்கள்.

6. கரண்ட்

இந்த ஸ்பீக்கரை ஆம்போடு இணைத்தால் மட்டும் போதாது, ஒவ்வொன்றுக்கும் தனியாகச் சுவரில் பிளக் வேண்டும். இரண்டு ஸ்பீக்கர் நிற்கும் இடத்துக்கும் மூன்று முள் பாயின்ட் இருக்கிறதா, எர்த் உண்மையில் வேலை செய்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். மின்செலவு சொற்பம், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது வோல்ட். அமெரிக்காவிலிருந்து வந்த மாடல் 120 வோல்ட்டுக்கு இருக்கலாம். நம் 230-இல் செருகினால் உள்ளே இருக்கும் போர்டு போய்விடும், சில சமயம் அதோடு பேனலும். சில மாடல்களில் உள்ளே மாற்றும் வசதி உண்டு, சிலவற்றில் வெளியே சின்ன அடாப்டர், அதை மாற்றினால் போதும். எதுவானாலும் பின்பக்க லேபிளின் போட்டோவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். "எல்லாம் ஓடும் சார்" என்ற பதில் போதாது.

கரண்ட் போய் வந்தால் படலம் மறுபடி மின்னேறக் கொஞ்ச நேரம் ஆகும். முதல் சில நிமிடம் மந்தமாகக் கேட்டால் பயப்பட வேண்டாம்.

7. பழையதைச் சோதிப்பது எப்படி

முடிந்தால் மழைக்காலத்தில் போய்க் கேளுங்கள். விற்பவருக்குப் பிடிக்காது, உங்களுக்கு நல்லது. போவதற்கு முந்தின இரவே பிளக்கில் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

போனதும் ஒரு பழைய மோனோ பதிவை, இரண்டு பக்கமும் ஒரே ஒலி வருவதை, போடுங்கள். குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் சரியாக நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால், ஆம்பின் இடது வலது கம்பியை மாற்றிக் கட்டிப் பாருங்கள். சாய்வும் பக்கம் மாறினால் குறை ஆம்பில் அல்லது அதற்கு முன்னால். மாறாமல் அதே பக்கம் நின்றால் ஸ்பீக்கரில். மின்னேற்றும் போர்டு பழசானால் மாற்றலாம், படலத்தின் பூச்சே போயிருந்தால் பேனலை மாற்ற வேண்டும். இரண்டுக்கும் செலவு மலைக்கும் மடுவுக்கும்.

பிறகு பாட்டை நிறுத்திவிட்டு, விளக்கை அணைத்து, ஃபேனையும் நிறுத்திவிட்டுப் பேனலுக்கு ஒரு அடி தூரத்தில் காதை வைத்து இரண்டு நிமிடம் நில்லுங்கள். "டிக் டிக்" என்றோ "ஸ்ஸ்" என்றோ கேட்டால், இருட்டில் நீலப் பொறி தெரிந்தால், விலையைக் குறையுங்கள் அல்லது கிளம்புங்கள். டார்ச் அடித்துப் படலத்தில் கரும்புள்ளி, சுருக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள். குவாட் ஈஎஸ்எல்-63 என்றால் ஒன்று கூடுதலாக: அதில் பேனலை ஒட்டியிருக்கும் பசை காலப்போக்கில் விட்டுவிடுவது பிரசித்தமான நோய். பேனல் எப்போது, யாரால் புதுப்பிக்கப்பட்டது என்பதற்கு பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

நான் இதில் ஒன்றும் செய்யவில்லை. காபி குடித்தேன், இரண்டு பாட்டுக் கேட்டேன், பணத்தை அனுப்பினேன்.

8. காகிதங்கள்

புதிதாகக் கடையில் வாங்கினால் ஜிஎஸ்டி பில்லில் இரண்டு ஸ்பீக்கரின் வரிசை எண்ணும் தனித்தனியாக இருக்க வேண்டும். உத்தரவாதம் பேனலுக்கு எத்தனை வருடம், மின் போர்டுக்கு எத்தனை வருடம், ஈரத்தால் வந்த குறை அதில் அடங்குமா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எடுத்து வையுங்கள். வாங்கிய சில வாரத்துக்குள் பதிவு செய்தால்தான் நீண்ட உத்தரவாதம் என்று சில நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. மாற்றுப் பேனலின் விலை, வந்துசேர எத்தனை வாரம் என்பதையும் இப்போதே எழுத்தில் வாங்குங்கள். கெட்டபிறகு கேட்டால் பேச்சு மாறும்.

பழையதை வாங்கினால் விற்பவரின் அசல் பில், விற்றதற்கு அவர் கையெழுத்திட்ட கடிதம், அசல் அட்டைப்பெட்டி மூன்றும் வேண்டும். முதல் உரிமையாளருக்கு மட்டும்தான் உத்தரவாதம் என்பது வழக்கம், மிச்சம் இருக்கிறது என்று சொன்னால் நிறுவனத்திடம் வரிசை எண்ணைக் கொடுத்து உறுதி செய்யுங்கள். மாநிலம் தாண்டி வந்தால் லாரி அலுவலகம் இ-வே பில் (சரக்கு கொண்டுபோவதற்கான மின்னணுச் சீட்டு) கேட்கும், 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு என்பதால். பயன்படுத்திய சொந்த வீட்டுச் சாமான்களுக்கு விலக்கு இருக்கிறது. உங்கள் கடிதத்தை வைத்து அனுப்புவார்களா என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். என் பெட்டி இதனால் கிடங்கில் நான்கு நாள் கிடந்தது.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்களுக்கு: பொருளின் விலையோடு கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்த தொகை மீது அடிப்படைச் சுங்கம், அந்தச் சுங்கத்தின் மீது 10 விழுக்காடு சமூக நலக் கூடுதல் வரி, எல்லாம் கூட்டி அதன் மேல் 18 விழுக்காடு ஐஜிஎஸ்டி. சுங்கம் 15 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 100 ரூபாய் பொருள் 137 ரூபாய் 47 காசு ஆகும். விழுக்காடு பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும், அனுப்பும் முன் சுங்க முகவரிடம் அன்றைய கணக்கைக் கேளுங்கள். மின் இணைப்புள்ள பொருள் என்பதால் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு தேவைப்படுமா என்பதையும் அவரிடம் எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டில் மலிவாகக் கிடைக்கும் பழைய ஜோடியை மட்டும் பார்சலில் வரவழைக்க நினைக்காதீர்கள். மூலதனப் பொருள் (தொழிலுக்கான இயந்திரம் போன்றவை) அல்லாத பழைய பொருளின் இறக்குமதி கட்டுப்பாட்டில் உள்ளது, அனுமதி இல்லாமல் வந்தால் துறைமுகத்தில் நிற்கும், வாடகை உங்கள் தலையில். குடும்பத்தோடு ஊர் திரும்புபவர்கள் வீட்டுச் சாமானோடு கொண்டுவருவது வேறு விதியில் வரும்.

9. மொத்தச் செலவு

என் கணக்கை அப்படியே தருகிறேன். ஸ்பீக்கர் 2,10,000. லாரி, மரச்சட்டம், காப்பீடு 11,500. பழைய ரிசீவரை விற்றதுபோக நல்ல ஆம்புக்குக் கையிலிருந்து போட்டது 62,000. இடது பக்க மின் போர்டு மாற்றவும் பேனல் சுத்தம் செய்யவும் 18,000. ஈரம் உறிஞ்சும் கருவி 14,000. கனத்த திரைச்சீலை, கம்பளம் 9,000. ஆக 3,24,500. ஸ்பீக்கர் விலையில் பாதிக்கு மேல் வெளியே செலவு. உங்கள் கையில் மூன்று லட்சம் இருந்தால் இரண்டு லட்ச ரூபாய் ஸ்பீக்கரைத்தான் தேட வேண்டும்.

இந்த ஒலி பிடித்திருக்கிறது, ஆனால் ஈரமும் வோல்ட்டும் பயமாக இருக்கிறது என்பவர்கள் மேக்னபேன் மாதிரி காந்தப் பேனல்களைக் கேட்டுப் பாருங்கள். அதிலும் படலம்தான், ஆனால் சுவர் பிளக் இல்லை, உயர் மின்னழுத்தம் இல்லை, உப்புக் காற்றுக்கு இவ்வளவு பயப்பட வேண்டாம். இடம் மட்டும் இதே அளவு கேட்கும், ஆம்பும் வலுவாக வேண்டும். நான் மறுபடி வாங்கினால் அதைத்தான் முதலில் கேட்பேன்.

10. வீட்டுக்கு வந்த முதல் மாதம்

பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள், லாரிக்காரரிடம் கையெழுத்துப் போடுவதற்கு முன். ஏசி அறையில் ஒரு நாள் பிளக் போடாமல் விடுங்கள், வழியில் சேர்ந்த ஈரம் போகட்டும். பிறகு பிளக் போட்டு ஓர் இரவு மின்னேற விடுங்கள். முதல் வாரம் மிதமான சத்தம் போதும்.

இடம் பார்ப்பதற்குத் தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி, நாளுக்கு இரண்டு அங்குலம் வீதம் நகர்த்துங்கள். ஒரே நாளில் எல்லாம் நகர்த்தினால் எது நன்றாக இருந்தது என்று மறந்துவிடும். பின்சுவரில் புத்தக அலமாரி இருந்தால் பாக்கியம், எதிரொலியைச் சிதறடிக்கும். வெறும் சுவர் என்றால் திரைச்சீலை, ஆனால் சுவர் முழுக்க வேண்டாம், பாட்டு செத்துவிடும்.

வளைந்த பேனல் கலப்பு மாடல்களுக்கு ஒரு வழி உண்டு. நீங்கள் உட்காரும் இடத்தில் டார்ச்சை நெற்றிக்கு நேராகப் பிடித்து ஒவ்வொரு பேனலையும் பாருங்கள். ஒளி பளபளக்கும் கோடு பேனலின் உட்பக்க மூன்றில் ஒரு பங்கில் விழும்வரை ஸ்பீக்கரைத் திருப்புங்கள். இரண்டிலும் ஒரே இடத்தில் விழ வேண்டும். எனக்கு இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஆனது. அன்று மாலைதான் முதல் தடவையாகத் தம்பூரா பாடகருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. பூஜை அறைக் கதவை இப்போது வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றியாகிவிட்டது, தச்சருக்கு 1,800. மேலே போட்ட கணக்கில் அதைச் சேர்க்கவில்லை.